சீஸ் அமுதாவின் துடுப்பு

பழவேற்காடு கடைத்தெருவில் இறங்கி, "சீஸ் அமுதா வீடு எது?" என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். பசியாவரம் தீவுக்குப் போகும் படகைக் கை காட்டுவார்கள். கூடவே கதையையும் சொல்வார்கள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவர், அவள் ஆறு பேரை அடித்துப் போட்டாள் என்பார். இன்னொருவர், நடு ஏரியில் நீந்திப் போய்ப் படகைப் பிடித்தாள் என்பார். எல்லாம் புளுகு. அன்று அவள் யார் மேலும் கை வைக்கவில்லை, முழங்காலுக்கு மேல் அவள் புடவை நனையவும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொன்னாலே எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. இதற்குக் கண்ணும் காதும் மூக்கும் வேறு வைக்க வேண்டுமா?

என் பெயர் எப்சிபா. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷன், விண்ணப்பம் நிரப்புவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் உண்டு. பன்னிரண்டு வருடமாக இந்த ஊர்க் காகிதம் முழுக்க என் மெஷின் வழியாகத்தான் போகிறது. ஆனால் நான் எதையும் வாசிப்பதில்லை. வைக்கிறார்கள், அழுத்துகிறேன், கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்துக்கு நான் பட்ட வெட்கத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த வார்த்தை. சீஸ் என்பது ஆங்கிலம் என்று எங்கள் பக்கம் யாரும் நினைப்பதில்லை, அது எங்கள் வீட்டு வார்த்தை ஆகிவிட்டது. போலீஸ்காரர் வண்டியைப் பிடித்தால் சீஸ். பொடிக்கண்ணி வலையை அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போனால் சீஸ். பள்ளிக்கூடத்தில் டீச்சர் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டாலும் பிள்ளைகள் சீஸ் என்றுதான் வந்து அழும். வேறு ஊராக இருந்தால் சண்டை நடக்கும். எங்கள் மீனவர் குப்பங்களில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஆம்பளை, பொம்பளை எல்லாரும் கையைக் கட்டி ஒதுங்கிவிடுவார்கள். பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் வேறு.

ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களுக்கு எங்கள் ஊர்களில் முறை உண்டு. இன்ன வீட்டுக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று வருடத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் போய் வலை விட்டவனுடைய துடுப்பை ஊர் எடுத்துக்கொள்ளும். வலையைத் தொட மாட்டார்கள், மீனைத் தொட மாட்டார்கள், படகு கிடந்த இடத்திலேயே கிடக்கும். துடுப்பு மட்டும். அதையும் பிடுங்கக் கூடாது. பட்டப்பகலில், கரையில் வைத்து, அவன் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் பார்க்க, அவனோ அவன் வீட்டாரோ தங்கள் இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். ஊர் வாங்கி அம்மன் கோயிலில் சார்த்தி வைக்கும். கூட்டம் கூடிப் பேசி முடித்ததும், வாங்கியவரே அதை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். மோட்டார் படகு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் இது மாறவில்லை. இப்போது இதையும் சீஸ் என்றே சொல்கிறார்கள்.

அமுதவல்லி பிறந்தது கோட்டைக்குப்பத்தில். அவளுக்குப் பத்து வயதில் அவள் அப்பா பனிமூட்டத்தில் இடம் தப்பி வேறொருவர் பாட்டில் வலை விட்டுவிட்டார். தெரியாமல் நடந்ததுதான், வாதாடியிருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை. துடுப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். இவள் பக்கத்திலேயே அழுதுகொண்டு போனாளாம். நீட்டிவிட்டுத் திரும்பும்போது அவர் சொன்ன ஒன்றை அமுதா என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்: "எங்க நைனா இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? நாமளே குடுத்தா அது நம்ம பொருளு, புடுங்கினாத்தான் போன பொருளுன்னாரு."

அந்தப் பெருமை அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திப் பசியாவரத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் பூவரசன் நல்லவன், அதிகம் பேசாதவன். இவள் அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். வலை பின்னுவாள், எஞ்சினைக் கழற்றி மாட்டுவாள், ஆண்களுக்குச் சமமாகப் படகு ஓட்டுவாள். ஆனால் ஊர் முறை என்று வந்துவிட்டால் மூச்சு விட மாட்டாள். வரிசையில் ஒருத்தி முந்திவிட்டால்கூட, முந்தியவளோடு சண்டை போடாமல் தன் முறை வரும்வரை வரிசையில் நிற்கும் ரகம். நான் அவளைச் சட்டப்புத்தகம் என்று கிண்டல் செய்வேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன வருடம் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு பூவரசன் படகுத்துறையில் வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டு போட்டார்கள். தை நாலாம் தேதி பசியாவரத்தில் பாடு பிரிக்கும் சீட்டு. அன்று காலை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் துடுப்பைக் கொண்டுவந்து கோயில் முன்னால் மண்ணில் வைக்க வேண்டும். ஒவ்வொரு துடுப்பிலும் அந்தந்த வீட்டுக் குறியைச் சூடு போட்டிருப்பார்கள். அமுதா வீட்டுக் குறி ஒரு வட்டம், அதற்குள் மூன்று புள்ளி. எந்தக் குறி மண்ணில் கிடக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் சீட்டு எழுதுவார்கள். துடுப்பு இல்லையென்றால் அந்த வீட்டுக்கு அந்த வருடம் முழுக்கப் பாடு இல்லை. கை உடைந்த மனுஷனை வைத்துக்கொண்டு பாடும் இல்லையென்றால் குடும்பம் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தை இரண்டு, மாட்டுப் பொங்கல் காலை. முதல் நாள் விட்டிருந்த நண்டு வலையை எடுக்க அமுதா தனியாகப் படகில் போயிருக்கிறாள். வலையை ஏற்றி முடிக்கும் நேரம், வெள்ளைப் படகு ஒன்றில் மூன்று ஆண்கள் வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். மூவருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், இந்தப் பக்கம் படகு வரக் கூடாது என்று ஆர்டர் இருக்கிறது, படகைச் சீஸ் செய்கிறோம் என்றான். அவன் பெயர் ரஞ்சித் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நீங்களும் நானும் என்றால் நாலு கேள்வி கேட்டிருப்போம். நம்ம சட்டப்புத்தகம் என்ன செய்தது தெரியுமா? இங்கே வேண்டாம் சார், கரைக்குப் போய்க் கொடுக்கிறேன் என்று அவர்களைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு நிறுத்திவைத்தது. துடுப்பைத் துடைத்து இரண்டு கையாலும் ரஞ்சித்திடம் நீட்டியது.

"இது எதுக்கும்மா?" என்று அவன் முழித்தானாம்.

"சீஸ் பண்ணா இதயும் வாங்கிக்கணும் சார்," என்று இவள் பாடம் நடத்தியிருக்கிறாள்.

அவர்கள் நண்டு வலையையும் நண்டுக் கூடையையும் தூக்கிக் கரையில் போட்டார்கள். அதைப் பார்த்ததும் இவளுக்கு மரியாதையே வந்துவிட்டது. வலையை எடுத்துக்கொள்ளவில்லை, நண்டை எடுத்துக்கொள்ளவில்லை, முறை தெரிந்த ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள். இந்த நினைப்பு எங்கள் ஏரிக்கரை ஜனத்தைத் தவிர உலகத்தில் வேறு யாருக்காவது வருமா? எஞ்சினை ஸ்டார்ட் செய்ய அவர்களுக்கு வரவில்லை. இவளே போய், சோக் ஒட்டிக்கொள்ளும், இப்படி இழுத்துவிட்டுக் கயிற்றைச் சுண்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறாள். எப்போது வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டதற்கு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பூவரசன் திட்டவில்லை. எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்டான். இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே போய் வாங்குவது என்றான். அதுவும் தெரியவில்லை. நாளை மறுநாள் சீட்டு என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

பத்து மணிக்கு என் கடைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். பண்டிகை நாள் என்று நான் பாதிக் கதவைத்தான் திறந்து வைத்திருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. போனை எடுத்து எனக்குத் தெரிந்த அதிகாரிகளை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். லீவு நாளிலும் எடுத்துப் பேசினார்கள் பாவம். யாரும் படகைச் சீஸ் செய்யவில்லை. அதில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். சீஸ் என்றால் சும்மா தூக்கிக்கொண்டு போவது கிடையாது. என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுத வேண்டும், எடுத்தவர் பெயரும் பதவியும் போட வேண்டும், இரண்டு சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு நகலைப் பொருளுக்கு உரியவர் கையில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அது திருட்டும்மா என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அமுதா நம்பவில்லை. "அந்த வார்த்தைக்கு அர்த்தம் இன்னான்னு பாருக்கா," என்றாள். கம்ப்யூட்டரில் தட்டினேன். பலவந்தமாக எடுத்துக்கொள்வது, சட்ட அதிகாரத்தோடு கைப்பற்றுவது, இறுகப் பற்றுவது என்று வந்தது. கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்கள். அரசன் கோட்டையைக் கைப்பற்றினான். காவலர்கள் கடத்தல் பொருளைக் கைப்பற்றினார்கள். அவள் அந்த வாய்ப்பைக் கைப்பற்றினாள். ஒவ்வொன்றாக வாசித்து முடித்ததும் அவள் முகம் சிவந்தது. கோட்டையைப் பிடித்த ராஜாவுக்குக்கூட நான்தான் எடுத்தேன் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது, என்னிடமிருந்து எடுத்தவன் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேனே என்று மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். என் ஸ்டேப்ளர் எகிறிக் கீழே விழுந்தது.

படகு போனதைவிட அவளுக்குத் தாங்க முடியாமல் போனது அந்தத் துடுப்புதான். பிடுங்கியிருந்தாலாவது கத்தியிருப்பேன், நானே துடைத்து அல்லவா கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் காணும் பொங்கல், ஏரிக்கும் கடற்கரைக்கும் ஆயிரக்கணக்கில் ஜனம் வரும், எல்லாரும் கூட்டப் பாதுகாப்பில் இருக்கிறார்கள், கண்ணில் பட்டால் உடனே போன் செய்யுங்கள் என்று நம்பர் கொடுத்தார்கள். நியாயம்தான். ஆனால் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நாள்.

வெளியே வந்து வெயிலில் நின்றாள். சட்டென்று என் கையைப் பிடித்தாள். "எக்கா, அவனுக்கு வலயும் வாணாம், நண்டும் வாணாம். வெறும் படகு போதும்னா அவன் மீன் புடிக்கிறவன் இல்ல. நாளைக்கு ஆளு ஏத்தப் போறான்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. காலையில் அவளை ஏமாற்றிய அதே விஷயம் இப்போது அவளுக்கு வழி காட்டுகிறது. எங்கள் ஏரியில் சவாரிப் படகு ஓட்ட அனுமதி கிடையாது. ஆனாலும் காணும் பொங்கல் கூட்டத்தைக் குறிவைத்துத் திருட்டுத்தனமாக ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் படகு வேண்டுமே, எங்கே போவார்கள்?

அன்று சாயங்காலம் அவள் என்னை உட்காரவைத்து ஒரு காகிதம் டைப் செய்யச் சொன்னாள். தலைப்பு: எடுத்த பொருட்களின் பட்டியல். கீழே பொருட்களுக்குக் கோடு, கொடுத்தவர் பெயர், எடுத்தவர் பெயர், நாள், இடம், இரண்டு சாட்சி. அதில் இரண்டு பிரதி. எதற்கு என்று கேட்டேன். நாளைக்குத் தெரியும் என்றாள்.

காணும் பொங்கல் காலை ஒன்பது மணிக்கு என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். துறை, பாலம், மணல்மேடு என்று ஒரு இடம் விடவில்லை. எங்கே பார்த்தாலும் வேன், பொட்டலச் சோறு, பலூன். பதினொரு மணி சுமாருக்கு ஊருக்கு வடக்கே கருவேலம் புதருக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் போவது தெரிந்தது. நாங்களும் பின்னாலேயே போனோம்.

புதரைத் தாண்டியதும் கரை. அங்கே இரண்டு படகு நின்றது, மூன்றாவது சவாரிக்குப் போயிருந்தது. ஒரு பிளாஸ்டிக் மேஜை, அதன் பின்னால் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன். மேஜைக்குப் பக்கத்தில் சேற்றில் ஒரு கம்பை நட்டு, படகு சவாரி என்று துணி கட்டியிருந்தார்கள். அமுதா அப்படியே நின்றுவிட்டாள். அது கம்பு இல்லை. தலைகீழாகச் சேற்றில் குத்தி நட்டிருந்த அவள் வீட்டுத் துடுப்பு. வட்டத்துக்குள் மூன்று புள்ளி இருந்த பலகை பாதி சேற்றுக்குள்ளே புதைந்திருந்தது.

பிடுங்கிக்கொண்டு ஓடு அமுதா, நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்றேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "புடுங்கினு போனா நானும் அவனும் ஒண்ணு. நாளைக்குக் கோயில்ல எப்படி வந்துச்சுன்னு கேட்டா இன்னா சொல்றது? வாங்கனவன்தான் குடுக்கணும்." இந்தப் பொம்பளையோடு மாரடிக்க முடியாது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே காவல் நிலையத்து நம்பரையும் அழுத்தினேன். பக்கத்தில்தான் ரோந்து வண்டி இருக்கிறது, கூட்டத்தில் நகர்ந்து வர அரை மணி ஆகும் என்றார்கள்.

அரை மணி காத்திருக்கிற ஆளா அவள்? அதற்குள் வரிசையை ஒதுக்கிக்கொண்டு மேஜை முன்னால் போய் நின்றாள். பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"தம்பி, இந்தத் துடுப்பையும் எங்க படகையும் நான் சீஸ் பண்றேன்," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "பட்டியல் எழுதணும். உன் பேரு சொல்லு."

அவன் சிரித்தான். கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டி, நான் இங்கே இன்சார்ஜ், ஓரமாகப் போம்மா என்றான். அந்த அட்டையை அப்போதுதான் நான் கிட்டத்தில் பார்த்தேன். பார்த்ததும் எனக்குக் காது இரண்டும் சூடானது. அட்டையின் இடது மேல் மூலையில் பொடிசாக ஒரு வெட்டு. என் கடைக் கட்டரில் பிளேடு உடைந்திருக்கிறது, அது மூலையில் போடும் வெட்டு. ரஞ்சித், போட்டிங் இன்சார்ஜ். பத்து நாளைக்கு முன் அதை லேமினேட் செய்து கொடுத்தவள் நானேதான். என்ன ஏது என்று ஒரு எழுத்து வாசிக்கவில்லை.

வெட்கத்தை விட்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். இது எந்த ஆபீஸ் அட்டையும் இல்லை, என் ஜெராக்ஸ் கடையில் போட்டது, போட்டுக் கொடுத்தவள் நான், இவன் ஓட்டும் படகில் ஒன்று இவளுடையது, நேற்று ஏமாற்றி எடுத்தது, இங்கே சவாரிக்கு அனுமதியே இல்லை என்று மூச்சு விடாமல் கொட்டினேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா முதலில் தன் பிள்ளைகளைப் பின்னால் இழுத்தார். பிறகு ஒவ்வொருவராக விலகினார்கள். சிலர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ரஞ்சித் கண்ணாடியைக் கழற்றினான்.

அதற்குள் மூன்றாவது படகு கரைக்கு வந்தது. அதுதான் அமுதாவின் படகு. "ஜெயம்மா" என்று அவள் மாமியார் பெயரை எழுதியிருந்த இடத்தில் பூமாலை போட்டு மறைத்திருந்தார்கள். உள்ளே பதினொரு பேர், ஒருவருக்கும் மிதவைச் சட்டை இல்லை. அதைப் பார்த்து அமுதா முதல் முறையாகக் கத்தினாள், அதுவும் யாரும் ஒரே பக்கமாக எழுந்திருக்காதீர்கள் என்றுதான். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளை முதலில், பிறகு பெரியவர்களை ஒவ்வொருவராக இறக்கினாள். எல்லாரும் மண்ணில் கால் வைத்த பிறகுதான் மறுபடி மேஜைக்கு வந்தாள்.

படகை ஓட்டி வந்தவன் காட்டூரிலிருந்து கூலிக்கு வந்த சந்தோஷ் என்பவன். வயல் வேலை செய்கிறவன். முறையான வேலை என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள் என்று அழாத குறையாகச் சொன்னான். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மாலதி என்ற பெண்ணும் அதையே சொன்னாள். அவன் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் சாட்சி வேண்டும், நீங்களே போடுங்கள் என்று அமுதா பேனாவை நீட்டினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பைபர் படகு ஒன்று, எஞ்சின் ஒன்று, துடுப்பு ஒன்று. எடுத்தவர் என்ற இடத்தில் அமுதவல்லி, கணவர் பெயர் பூவரசன், பசியாவரம் என்று தன் பெயரை அழுத்தி எழுதினாள்.

மிச்சம் இருந்தது கொடுத்தவர் பெயர். ரஞ்சித் சுற்றிலும் பார்த்தான். தூரத்தில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டது. போட்டுவிட்டான். பிறகு போய்த் துடுப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கினான். துணி கீழே விழுந்தது. துடுப்பை அவள் காலடியில் போடப் போனான்.

"கையில குடு," என்றாள் அமுதா. அவன் ஒரு கையால் நீட்டினான். "ரெண்டு கையாலயும்."

கொடுத்தான். அந்த நிமிடம் எனக்கு வந்த ஆனந்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஐம்பது வயதில் நடுக்கரையில் நின்று கைதட்டினேன். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். அமுதா நகலை மடித்து ரஞ்சித்தின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மாலையை அவிழ்த்துப் போட்டு, சோக்கை இழுத்துப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜீப்பில் வந்தவர்களும் ஒரு பட்டியல் எழுதினார்கள், மேஜை ஒன்று, நாற்காலி நாலு என்று. நான் அதை நின்று முழுக்க வாசித்தேன்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. மறுநாள் காலை நான் கடையைச் சாத்திவிட்டுப் பசியாவரத்துக்குப் போனேன். கோயில் முன்னால் துடுப்புகள் வரிசையாகக் கிடந்தன. கட்டுப் போட்ட கையோடு பூவரசன் நிற்க, அமுதா துடுப்பை வைக்கப் போனாள். அப்போது கருப்பன் என்பவர் எழுந்தார். பாடு விஷயத்தில் ஊரிலேயே கறாரான ஆள். கேட்டவனுக்கெல்லாம் துடுப்பைத் தூக்கிக் கொடுத்தால் ஊருக்கு என்ன மரியாதை, அயலான் கைக்குப் போய்ச் சேற்றில் நின்ற துடுப்புக்குச் சீட்டு எழுதலாமா என்று கேட்டார். கூட்டம் முணுமுணுத்தது. ஊர்த் தலைவர் வரதன் அமுதாவைப் பார்த்தார். இத்தனை பாடுபட்டும் இங்கே வந்து தவறிவிடுமோ?

அமுதா துடுப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேசினாள். "தப்பு என்னுதுதான். சீஸ்னு சொன்னா எதிர்த்துப் பேசாம குடுக்கணும்னு எங்க நைனா கத்துக் குடுத்தாரு, நீங்களும் அதயேதான் கத்துக் குடுத்தீங்க. கேக்கறவன் யாருன்னு கேளுன்னு ஒருத்தரும் சொல்லித் தரல. இப்ப நானே கத்துக்கினேன். புடுங்கினு வரல. வாங்கனவன் கையிலேருந்தே வாங்கினு வந்திருக்கேன்." பிறகு காகிதத்தைத் தலைவரிடம் நீட்டினாள்.

வரதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கடைசி வரி வரை சத்தமாக வாசித்தார். சாட்சி இரண்டும் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டார். அவன் பக்கத்து ஆட்கள் என்றாள். எந்த நேரம் என்றார். பட்டப்பகல் என்றாள். கொடுத்தது எந்தக் கையால் என்றார். இரண்டு கையாலும் என்று நான் ஓரத்திலிருந்து கத்திவிட்டேன், எனக்கு அங்கே வாய் திறக்க உரிமையே இல்லை. யாரோ சிரித்தார்கள்.

"துடுப்ப வைம்மா," என்றார் வரதன்.

வைத்தாள். சீட்டு எழுதினார்கள். அவளுக்கு விழுந்தது சுமாரான பாடுதான், அதற்கு என்ன செய்ய முடியும். பூவரசன் மட்டும் அந்தச் சீட்டை இடது கையால் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த வாரமே தலைவர் என் கடைக்கு வந்து அமுதாவின் காகிதத்தில் நிரப்பாத பிரதி ஐம்பது கேட்டார். ஊர் பெயரைத் தலையில் போட்டு அடித்துக் கொடுத்தேன். இப்போது என் மேஜைக்கு வரும் ஒவ்வொரு அட்டையையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் மெஷினில் வைக்கிறேன். சில பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

ஆடி மாதத்தில் பூவரசன் கை சரியாகித் தொழிலுக்குப் போனான். ஒரு நாள் காற்று இழுத்துக்கொண்டு போய், அவன் வலை வேறொருவர் பாட்டில் விழுந்துவிட்டது. அது கருப்பனுடைய பாடு. துடுப்பு வாங்க ஊர் அனுப்பிய ஆளும் கருப்பன்தான். நான் அன்று மீன் வாங்கப் போனவள், கரையில்தான் நின்றேன். அமுதா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய்த் துடுப்பை எடுத்து வந்து, சுத்தமாகத் துடைத்து, வட்டமும் மூன்று புள்ளியும் மேலே தெரிய இரண்டு கையாலும் நீட்டினாள். கருப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு திரும்பினார். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அப்படியே நின்றாள்.

நாலு அடி நடந்த கருப்பன் திரும்பிப் பார்த்தார். துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஊர் பெயர் போட்ட அந்தக் காகிதத்தை எடுத்தார். துடுப்பு ஒன்று என்று எழுதி, எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு அவள் கையில் வைத்தார்.